மாமாவின் காருக்கு வந்த இழுப்பு

மாமா இழுப்பு நோயில் போய்ச் சேர்ந்தார். அவருடைய பழைய கார் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அப்பா செலவு விஷயத்தில் கெட்டி. பெட்ரோல் கட்டுப்படியாகாது என்று வந்த வேகத்தில் அதைக் கேஸுக்கு மாற்றிவிட்டார். அதற்கப்புறம்தான் காருக்கும் இழுப்பு வந்தது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால்தான் வம்பு. சத்தம் ஏறும், இறங்கும், அடங்கப் பார்க்கும், மறுபடி திணறிக்கொண்டு எழும். மாமா கடைசி நாட்களில் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுக்கு அலைந்ததை நான் பார்த்திருந்தேன். அதே சத்தம்.

"ஏனுங்க, அண்ணன் இதுக்குள்ளதான் இருக்காருங்க. வித்துப்போடுங்க," என்றாள் அம்மா. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றச் சொன்னாள். பழம் நசுங்கியது, இழுப்பு நிற்கவில்லை.

மாமாவின் மனைவியான அத்தை, அப்பாவின் கூடப்பிறந்த அக்கா, மாமா போன நாளிலிருந்து கணபதியில் இருந்த தன் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். யாரோடும் பேச்சில்லை. சனிக்கிழமை மதியங்களில் மதுக்கரையில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து நானும் அப்பாவும் தூக்குப்போசியில் சாப்பாடு கொண்டுபோய் அவள் வாசலில் வைப்போம். பக்கத்து வீட்டார் வைத்த சோறு அங்கே தொடாமல் காய்ந்து கிடக்கும். அக்காளும் போய்விடுவாளோ என்று அப்பாவுக்குப் பயம்.

ஒரு சனிக்கிழமை, அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டே அப்பா இறங்கினார். உச்சி வெயில். பட்டறைகள் சாப்பாட்டுக்கு நின்றிருந்ததால் தெருவில் ஈ காக்கை இல்லை. கார் இழுத்தது. ஏறி, இறங்கி, ஒரு விக்கலோடு நின்றுவிட்டது. அந்த அமைதியில் கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

அத்தை வந்தாள். பாதி உடம்பாகியிருந்தாள். எங்களைப் பார்க்காமல் நேராகக் காரின் முன்னால் போய் நின்றாள். அப்பா அவசரமாகப் பானெட்டைத் தூக்கினார். உள்ளே, கேஸ் வந்து சேரும் உலோகப் பெட்டியின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. மண்டையைப் பிளக்கும் வெயிலில் பனி! அத்தை அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"அன்னைக்கு அவரு உடம்பும் இப்படித்தான் சில்லுன்னு இருந்துச்சு தம்பி," என்றாள் அப்பாவிடம்.

மாமா போனபின் அவள் பேசிய முதல் பேச்சு அது. உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பிணத்தைக் குளிப்பாட்டுவதுபோல் பெட்டியின் மேல் நிதானமாக ஊற்றினாள். பனி கரைந்து கார் கிளம்பியது. அப்பா நீட்டிய சோற்றில் நாலு வாய் தின்றாள்.

அம்மாவின் நச்சரிப்பு தாங்காமல் அப்பா வண்டியை மெக்கானிக்கிடம் விட்டார். "பேயெல்லாம் ஒண்ணுமில்லீங்க. எஞ்சின் சுடுதண்ணி இந்தப் பெட்டிக்கு வரோணுமுங்க. அந்த ஓஸ் குழாய் அடைச்சுக்கிச்சு, அதான் உறைஞ்சு போகுது," என்றார் அவர். ஓஸை மாற்றி, ஒரு ஸ்க்ரூவைத் திருப்பி, நின்ற இடத்தில் எஞ்சின் சீராக ஓடும்படி ஐடிலிங் வைத்துக் கொடுத்தார். கார் பரம சாதுவாகிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை அத்தை வாசலில் எஞ்சின் அலுங்காமல் ஓடியது. கதவு திறக்கவில்லை. "அக்கா, அக்கா" என்று அப்பா தட்டிப் பார்த்தார். பிறகு வந்து பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூடிரைவரால் அதே ஸ்க்ரூவைக் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பினார். சத்தம் ஏறியது, இறங்கியது. மாமா மறுபடி மூச்சுக்கு அலைந்தார்.

"வேண்டாங்கப்பா!" என்று கத்தினேன்.

அப்பா கண்ணில் நீர் வழியத் திருப்பிக்கொண்டே இருந்தார். கார் நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

அதன்பின் பல சனிக்கிழமைகள் அப்படித்தான். மாமாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சாகடிக்கிறாரே, இவரும் ஒரு மனிதரா என்று பின்சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்பாவை வெறுத்தேன். வெளியே படியில் உட்கார்ந்து அத்தை சோறு தின்றுகொண்டிருந்தது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை.