ரோசம்மாவின் மெழுகு இட்லி

ரோசம்மா அக்காவுக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிஸ்கட் டின், ரிப்பன், ஜாம் போத்தல், அறுந்த செருப்பின் வார் என்று புக்கிட் பாத்தோக் அடுக்குமாடி வீட்டில் கட்டிலுக்கு அடியில் ஒரு தனி உலகமே இருக்கிறது. அவர் கணவர் சவரிராஜ் அண்ணன் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். "என்னையும் ஒரு நாள் பையில போட்டுக் கட்டி உள்ள தள்ளிருவா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். என் பெயர் மிரண்டா. எங்கள் பங்குக் கோயிலின் சமையல் குழுவில் கரண்டி பிடிப்பவள். வாய் கொஞ்சம் நீளம் என்று பெயர். அதனால்தான் இதைச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அக்காவுக்கு வேலை தேக்கா கடைத்தெருவில், சந்துக்குள் இருக்கும் ஒரு சலவைக் கடையில். ஹோட்டல் துண்டும் உணவகச் சீருடையும் மூட்டை மூட்டையாய் வரும். மாலையில் ரயிலேறிக் கோயிலுக்கு வந்துவிடுவார். மாதா சிலை நிற்கும் கெபிக்கு முன்னால் இருக்கும் மெழுகுவர்த்தித் தட்டு அவர் பொறுப்பு. பூட்டிய கட்டடத்துக்குள் நெருப்பை விட்டுப் போக முடியாது என்பதால், கோயிலைச் சாத்தும் நேரத்தில் எரிந்துகொண்டிருக்கும் மெழுகுவர்த்திகளை அவர்தான் அணைக்க வேண்டும். இந்த ஒரு வேலைதான் அவருக்குப் பிடிக்காது. "யாரோ அழுதுகிட்டே ஏத்திட்டுப் போயிருப்பாங்க மிரண்டா. பேசிக்கிட்டு இருக்கிறவங்க வாயைப் பொத்துற மாதிரி இருக்கு" என்பார்.

அணைத்த துண்டுகள் எங்கே போகும்? அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. மந்திரித்த மெழுகுவர்த்தியைக் குப்பையில் போடக் கூடாது. எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புதைக்க வேண்டும். அடுக்குமாடியில் எங்கே புதைப்பது, பூந்தொட்டியிலா? ஆகவே எல்லாம் சாக்குகளில் கட்டிக் கோயில் சாமான் அறையில் சேர்ந்தன. சாக்கு வளர்ந்து சுவரை மறைத்தது. எறும்பு வந்தது. எறும்புக்குப் பின்னால் ஆர்னால்ட் வந்தார்.

ஆர்னால்ட் எங்கள் பங்குப் பேரவைத் தலைவர். நல்ல மனிதர், ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தால் அன்றைக்குப் பூசைக்கே வரமாட்டார். "இவ்வளவு மெழுகை ஒரே அறையில வச்சிருந்தா ஒரு நாள் கோயிலே பத்திக்கும்" என்றார். அது நியாயம்தான். கூடவே இன்னொன்றும் சொன்னார்: மெழுகுவர்த்தித் தட்டையே எடுத்துவிட்டு, பொத்தானை அமுக்கினால் மினுக்கும் மின்சார விளக்குத் தட்டு வாங்கலாம். அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. "பொத்தான அமுக்கி மாதாகிட்ட பேசணுமா? அதுக்கு லிஃப்ட்லயே நின்னு ஜெபம் பண்ணலாமே!" என்றார். ஃபாதர் சண்டை பிடிக்காத சுபாவம். பங்கின் வருடாந்தரக் குடும்ப முகாம் முடிவதற்குள் இந்த மெழுகுக்கு ஒரு வழி தெரிந்தால் தட்டு இருக்கட்டும், இல்லையென்றால் ஆர்னால்ட் சொல்வதுபோல் செய்யலாம் என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை. வழி கிடைத்ததோ சலவைக் கடையில். துணி உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சாம்பல் நிறத்தில் பஞ்சு சேரும். 'எளிதில் தீப்பற்றும், உடனே அகற்றவும்' என்று பக்கத்திலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை வருடம் அதைப் பார்த்துப் பயந்த மனுஷி, அன்றைக்கு அதைப் படித்து ஆசைப்பட்டார். பாசிர் ரிஸ் கடற்கரையில் நடக்கும் எங்கள் முகாமில் ஒவ்வொரு வருடமும் கரி பற்றாமல் நாங்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். விசிறி விசிறிக் கை ஓய்ந்து, கடைசியில் மண்ணெண்ணெய் வாடையடிக்கும் கோழியைத் தின்போம்.

பக்கத்துக் கடையில் புரோட்டா போடும் முகமது இஸ்மாயில் பாயிடம் காகித முட்டை அட்டைகளைக் கேட்டு வாங்கினார். அட்டைக் குழிக்குள் பஞ்சை அடைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி ஆறவைத்தால், அசப்பில் இட்லித் தட்டுதான். 'மெழுகு இட்லி' என்று பெயர் வைத்தது நான். மெழுகை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிநீர் சட்டிக்குள் மைலோ டின்னை இறக்கி உருக்கினார். திரியையும் அதன் அடித் தகரத்தையும் வடிகட்ட அவசரத்துக்கு அண்ணனின் டீ வடிகட்டி கைக்கு வந்தது. மறுநாள் காலை அண்ணன் குடித்த தேநீரைப் பற்றி இங்கே எழுத வேண்டாம்.

முதல் இட்லி படுதோல்வி. பழைய குவாலிச் சட்டியில் வைத்துக் கொளுத்தினால், பிளாஸ்டிக் சீப்பைக் கொளுத்திய நாற்றம். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். அண்ணன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "ரோசு, மாதாவே இறங்கி வந்து நிறுத்தச் சொல்லப்போறாங்க" என்றார். மெழுகின் மேல் குற்றமில்லை. அது உணவகச் சீருடையிலிருந்து வந்த பாலியெஸ்டர் பஞ்சு. அடுத்த முறை ஹோட்டல் துண்டிலிருந்து வந்த சுத்தப் பருத்திப் பஞ்சை மட்டும் வைத்தார். அண்ணன் தேநீர் கலக்கி, ஆற்றி, ஊதி ஊதிக் குடித்து, கோப்பையைக் கழுவி வைக்கும்வரை அந்த ஒற்றை இட்லி நின்று எரிந்தது. அக்கா அன்றைக்கே எனக்குப் போன் போட்டு, ஹலோகூடச் சொல்லாமல் சிரித்தார்.

முகாம் நாளும் வந்தது. கூடாரம் அடித்து முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. சாயங்காலம் மழை விட்டபோது எங்கள் கரி மூட்டை நனைந்து கனத்துக் கிடந்தது. பூங்காவில் கறி சுடுவதற்கென்றே கட்டியிருந்த அடுப்பில் ஆர்னால்ட் கரியைக் குவித்து, டிஷ்யூ, அட்டை, கடையில் வாங்கிய தீமூட்டும் கட்டி என்று ஒவ்வொன்றாய்க் கொளுத்திப் பார்த்தார். புகைதான் வந்தது. அவர் சட்டையில் முதன்முதலாகக் கரி பட்டதைப் பார்த்தோம். ஊறவைத்த கோழி ஒரு பக்கம், பசித்த குடும்பங்கள் ஒரு பக்கம்.

அக்கா பிஸ்கட் டின்னைத் திறந்தார். "தம்பி, இத வச்சுப் பாருங்க."

"என்ன ஆன்ட்டி இது?"

"நம்ம தட்டுல மிஞ்சின மெழுகு. கோயில்ல இருந்து வந்தது."

இந்தக் கடைசி வரியை அவர் சொல்லாமல் விட்டிருக்கலாம். அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் போனார்கள். நானும்தான்.

"மந்திரிச்ச மெழுகுலயா கோழி சுடப்போறோம்?" என்றார் ஒருவர்.

"என் மவன் பரீட்சைக்கு ஏத்தினேன் அக்கா. அதுவும் இதுல இருக்கா?" என்றார் இன்னொருவர்.

ஆர்னால்ட் நிமிர்ந்தார். "அதான் நான் அப்பவே சொன்னேன்ல? இத வச்சு ஒண்ணும் பண்ண முடியாது."

எனக்கு அக்காவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இத்தனை நாள் பாடு, தட்டு, எல்லாம் அங்கேயே கடலில் போய்விடும்போல் இருந்தது. அவர் டின்னை மூடவில்லை. ஆனால் குரல் உடைந்துவிட்டது.

"உங்க மெழுகெல்லாம் பாதியிலதான் அணைஞ்சிச்சு. நீங்க வீட்டுக்குப் போனதும் நான்தான் அணைச்சேன், தெனமும். மிச்சத்த எங்க எரிக்கிறது சொல்லுங்க? கோழி சுட்டா என்ன லா? பசிச்ச பிள்ளைங்கதானே சாப்பிடப்போவுது. மாதாவும் வீட்டுல அடுப்பு மூட்டினவங்கதானே."

பரீட்சை மகனின் அம்மாதான் முன்னால் வந்தார். டின்னிலிருந்து ஒன்றை எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, கரிக்கு நடுவில் வைத்துப் பற்றவைத்தார். தீ அட்டை முனையில் பிடித்து, மெழுகில் ஏறி, அசையாமல் எரிந்தது. சுற்றியிருந்த ஈரக் கரி சீறி, பிறகு ஓரத்தில் சிவந்தது. நாங்கள் கைதட்டினோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் நாங்களாக இருக்கமாட்டோம். ஓர் அடுப்புக்கு ஒன்றே போதும் என்று அக்கா கத்தக் கத்த, ஆளுக்கொரு வேண்டுதல் கிளம்பிவிட்டது. மாமியார் முழங்காலுக்கு ஒன்று, வீட்டுக் குலுக்கலில் நம்பர் விழ ஒன்று, மருமகளுக்குப் புத்தி வர ஒன்று. ஒருவர் 'அருள் நிறைந்த மரியே' தொடங்க, கோழியைத் திருப்ப வேண்டியவர்கள் கைகூப்பி நின்றுவிட்டார்கள். சுவாலை கம்பித் தட்டைத் தாண்டி எழும்பியது. 'ஆமென்' சொல்லிக் கண்ணைத் திறந்து பார்த்தால் முதல் தட்டுக் கோழி முழுக்கக் கரி. சவரிராஜ் அண்ணன் ஒரு துண்டைத் தட்டிப் பார்த்து, "இதையும் ஒரு சாக்குல கட்டி வைங்க" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே ஆள் ஆளுக்கு, வீட்டுக்கு ஒரு பெட்டி வேண்டும், அடுத்த முறை கிழக்குக் கடற்கரைக்குப் போகும்போது வேண்டும் என்று அக்காவிடம் கேட்க ஆரம்பித்தார்கள். சாக்குகளுக்கு வழி பிறந்துவிட்டது.

இரண்டாம் தட்டுக் கோழியை நான் வைக்கப் போனபோது ஆர்னால்ட் டின்னருகே, அக்காவின் முன் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கரண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரோ தரையைப் பார்த்தபடி பேசினார்.

"ஆன்ட்டி, அம்மா ஐசியூல இருந்தப்ப ஒரு நாள் ஓடிவந்து ஒண்ணு ஏத்தினேன். சாத்துற நேரம். வாசல் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தா, நீங்க அத அணைச்சுட்டு இருந்தீங்க."

அக்கா கையிலிருந்த டின் மூடியைக் கீழே வைத்தார்.

"உங்க மேல தப்பு இல்ல. ஆனா எனக்கு அது மனசுல அப்படியே கெடந்துச்சு. அதான், பொத்தான் வெளக்குன்னா யாரும் வந்து அணைக்கமாட்டாங்களேன்னு…"

அவர் அம்மா அப்போது கூடாரத்துக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கோழி இன்னுமா ஆகவில்லை என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். டின்னைத் துழாவி, இருந்ததிலேயே பெரியதை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இது உங்களோடது தம்பி."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது லா. ஏத்துங்க."

ஈர மணலில் முழங்கால் போட்டு ஆர்னால்ட் அதைக் கரியின் ஓரமாகத் தனியே வைத்துப் பற்றவைத்தார். நான் கோழித் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அது தானாக எரிந்து முடியும்வரை யாரும் எதையும் அடுப்பில் வைக்கவில்லை.