மங்குச் சில்லு

உடைந்த பால் மங்கின் சில்லு ஒன்று என் தகரப் பெட்டியில் கிடக்கிறது. கித்தா என்கிற ரப்பர் மரத்தில் பால் வடியக் கட்டுவார்களே, அந்தப் பீங்கான் மங்கு. சில்லின் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ளத் துணி சுற்றியிருக்கும், மறுபக்கம் கத்தி போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா கையையும் காலையும் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தச் சில்லால் தோலைச் சீவுவார். மஞ்சள் மெழுகு போலச் சுருள் சுருளாக விழும். ரத்தம் வராது. அவர் முடித்த பிறகு என் முறை.

அப்பாவின் உள்ளங்கையும் உள்ளங்காலும் பிறவியிலேயே தடித்தவை. அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தானாம். மலாயாவில், கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில், தொழிலாளர் லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பலகைத் தரை. அவர் வெறுங்காலோடு நடந்தாலும் மரச்செருப்புப் போட்டது போல டக், டக் என்று கேட்கும். அடுப்புக் கங்கை விரலால் எடுத்துச் சுருட்டுப் பற்றவைப்பார். புதிதாகப் பார்ப்பவர்கள் உழைத்துக் காய்த்த கை என்பார்கள். உண்மை வேறு. சீவாமல் விட்டால் தோல் இறுகிப் பாளம் பாளமாக வெடிக்கும். பாலுக்காக மரப்பட்டையைக் கீறும் கத்தியை விரல் மடக்கிப் பிடிக்கவும் முடியாது. எனக்கும் அதே கை, அதே கால். நாகத்தை அடித்த சாபம் பிடித்த குடும்பம் என்று லயத்தில் பேச்சு. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள்.

எனக்கு எட்டு வயது இருக்கும். ஜப்பான்காரன் காலம். சயாமில் ரயில் பாதை போட எஸ்டேட் எஸ்டேட்டாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, ரெண்டு வாரம் கைய சீவாம விடுங்க. பெருவியாதின்னு நெனச்சு ஜப்பான்காரன் கித்தா காட்டத் தாண்டி ஓடிருவான் லா," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

அப்பா சிரித்தார். "நம்ம ஆளுங்களே என் கையால தண்ணி வாங்கிக் குடிக்க யோசிக்கிறாங்க. அவனா தொடப்போறான்?"

"வேணாங்க, கைய வச்சு வெளையாடாதீங்க," என்றாள் அம்மா. அவர் கேட்கவில்லை. சில்லைக் கூரை இடுக்கில் செருகிவிட்டார்.

ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் அந்தத் திடலில், லாரி வந்து நின்றது. ஆண்கள் எல்லோரையும் கையை நீட்டச் சொன்னார்கள். அப்பா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஜப்பான் அதிகாரி பயப்படவில்லை. பென்சிலால் உள்ளங்கையைத் தட்டினான். டக், டக். இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். பிறகு சிரித்தபடி அப்பாவின் தோளில் தட்டினான்.

"நல்ல வேலைக்காரன்னு சொல்றாரு. ஏறிக்க," என்றார் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"ஐயா, இது உழைச்ச கையில்லீங்க, பொறந்ததுலருந்து இருக்குற நோவு. சொல்லுங்கய்யா."

கிராணி சொல்லவில்லை. லாரியிலிருந்து அப்பா என்னைத் தேடினார். "பாப்பா, கைய மூடிக்க," என்றார். மூடிக்கொண்டேன்.

மழையில் அவர் கால் வெடித்து நடக்க முடியாமல் போனதாக, சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் பிற்பாடு சொன்னார். அப்பா வரவேயில்லை.

அந்தச் செய்தி வருவதற்கு முன்னால் ஒரு காலை. சில்லை அம்மா தொடாததால் மாதக்கணக்கில் என் காலை யாரும் சீவவில்லை. நான் வாசலிலிருந்து அடுப்படிக்கு நடந்தேன். எனக்குப் பின்னால் அப்பா நடந்து வந்தார். டக், டக். நின்றேன், சத்தமும் நின்றது. நடந்தேன், கூடவே வந்தது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அம்மா திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து கூரை இடுக்கிலிருந்து சில்லை எடுத்துவிட்டுத் தண்ணீரைச் சுடவைத்தாள்.

அன்றிலிருந்து நான் சத்தம் வராமல் நடக்கப் பழகினேன். கையை மூடியே வைத்திருந்தேன். கல்யாணத்தில் என் கையைப் பிடித்தவர் ஒரு கணம் தயங்கினார், ஆனால் விடவில்லை. மூன்று பிள்ளைகளில் கடைசி மகனுக்கு மட்டும் அந்தக் கை வந்தது. இப்போது அவன் மகளுக்கும் வந்திருக்கிறது. பேத்தியைப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: சாபமில்லை, ஒட்டாது, பரம்பரையாக வருவது. பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பூச மருந்தும் கொடுத்தார். நாகத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது.

நேற்று மத்தியானம் மழை. பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டு அடுப்படியில் நின்றிருந்தேன். முதுகுக்குப் பின்னால் டைல்ஸ் தரையில் டக், டக். பேத்திதான், தெரியும். தெரிந்தும் என் வாய், "வந்துட்டீங்களா?" என்றது.

"யாரு பாட்டி?"

அவள் கையில் மங்குச் சில்லு. பெட்டியைக் கிளறியிருக்கிறாள். கையைக் கிழித்துக்கொள்வாளோ என்ற பயத்தில் சட்டென்று நீட்டி வாங்கினேன். அப்போதுதான் என் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஐ, என் கை மாதிரியே!" தன் உள்ளங்கையால் என் உள்ளங்கையில் தட்டினாள். டக், டக். "பாட்டி, யாரோ கதவு தட்டுற மாதிரி இருக்கு லா."

கையை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. அப்படியே விரித்து வைத்துக்கொண்டு, வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.