பால்போவுக்கு ஜோடி இல்லை

தோரினோ பால்போ எவருக்கும் பிடித்தமானவனாக இருந்ததில்லை. கஞ்சன், சிடுமூஞ்சி. ஒயின் கடையில் ஒருவனுக்கும் ஒரு குவளை வாங்கித் தந்ததில்லை. ஆனால் இரண்டாம் உலகப்போர் முடிந்த மறு வருடம், இத்தாலியின் ஃபெர்ராரா பக்கத்துச் சணல் குளங்களில் அவனை வெறுத்தது இதற்காக அல்ல, குடும்பப்பெயருக்காக.

அதே பெயர்கொண்ட விமானி இந்த மாவட்டத்தில்தான் பாசிஸ்ட் குண்டர்களைத் திரட்டிக் கூலிக்காரர் சங்கங்களை நொறுக்கினார். பிறகு மந்திரியானார். கடல்விமானங்களை வரிசையாக அமெரிக்காவுக்கு ஓட்டிப்போனார். கடைசியில் லிபியாவில் சொந்தப் படையே தவறுதலாக அவர் விமானத்தைச் சுட்டு வீழ்த்தியது. தோரினோவுக்கு அவர் உறவுமில்லை, ஒட்டுமில்லை.

நார் பிரிய ஊறுவதற்காகச் சணல் கட்டுகளைக் குளத்தில் அமிழ்த்திக் கல் ஏற்ற, கட்டுக்கு இருவர் வேண்டும். ஒருவன் கையை விட்டால் மற்றவன் கல்லுக்கடியில் போவான். ஆகவே ஜோடி இல்லாதவனுக்கு வேலை இல்லை. தோரினோ வீட்டில் சோளமாவு தீர்ந்திருந்தது.

"எங்கப்பா குடும்பப்பேரைச் சொல்லிச் சங்கத்துல பதிஞ்சுக்கயேன்" என்றாள் மனைவி நீவெஸ்.

"ஏன், எங்கப்பன் என்ன திருடனா?"

விடியலில் சங்கத் தலைவர் போத்தோனி குளக்கரையில் பெயர் கூப்பிட்டார். "பால்போ!"

"மேல பாருங்கப்பா, பறந்து வந்துட்டிருப்பாரு!" என்றான் கூட்டத்தில் ஒருவன்.

"குனிஞ்சுக்கங்கடா, அவரு ஆளுங்களே சுட்ருவானுங்க!"

"இருக்கேன்" என்றான் தோரினோ.

"ஜோடி யாரு?"

பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். பிறகு மலகூத்தி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். 1921ஆம் ஆண்டில் பாசிஸ்டுகளின் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, தோரினோவை நாற்காலியில் கட்டி, வாயில் ஆமணக்கெண்ணெய் ஊற்றியவன். ஊருக்கே தெரியும். போர் முடியும் தறுவாயில் பாசிஸ்டுகளை எதிர்த்தவர்களின் சிவப்புத் துணியைக் கழுத்தில் கட்டிக்கொண்டான். அவன் பெயரில் எந்த விமானியும் இருந்ததில்லை.

"வாடா பால்போ, ஒரு பக்கம் நான் பிடிக்கிறேன். பழைய பழக்கந்தானே!"

கூட்டம் சிரித்தது.

"உன் கையால ஒரு தடவ குடிச்சாச்சு. இந்தக் குளத்துத் தண்ணியையும் குடிக்கணுமா?"

சிரிப்பு நின்றது. ஆனால் ஒருவரும் மலகூத்தியைப் பார்க்கவில்லை. கற்களைப் பார்த்தார்கள். பெயரை வெறுப்பதில் ஒரு வசதி, அது திருப்பி அடிக்காது.

போத்தோனி தொண்டையைச் செருமினார். "ஜோடி இல்லன்னா வேலை இல்ல. கிளம்பு."

தோரினோ வரப்பில் ஏறும்போதே மலகூத்திக்கு வேறு ஜோடி கிடைத்துவிட்டது.

மறுநாள் விடியலில் பெயர் கூப்பிட்டபோது, நாறும் குளக்கரையில் அதே இடத்தில் தோரினோ நின்றிருந்தான்.

"இருக்கேன்" என்றான், முந்தின நாளைவிடச் சத்தமாக.