பச்சைக் கொக்கி

எங்கள் கடைத்தெருவில் ஷட்டர் ரிப்பேர் பார்க்கிறவரை ஊரே டிவியில் பார்த்தது ஒரு கொட்டாவி விடுகிற நேரம்தான். மஞ்சள் ஜெர்சி போட்ட ஒரு ஆள் இரும்புக் கம்பியை ஓங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுகிறார். அவ்வளவுதான். அதையே விடிய விடியப் போட்டார்கள். முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் வேறு. கீழே 'கால்பந்து வெறியாட்டம்' என்று எழுத்து ஓடியது.

அது என்ன கம்பி என்று கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மேலே சுருண்டு கிடக்கிற ஷட்டரைக் கொக்கி போட்டு இழுக்கிற கம்பி அது. ஆள் உயரம் இருக்கும். வேறு எவனும் தள்ளிக்கொண்டு போய்விடக் கூடாதென்று கொக்கிக்குப் பச்சை பெயிண்ட் அடித்து வைத்திருப்பார்.

அன்றைக்கு உலகக் கோப்பையில் மஞ்சள் அணிக்கும் நீல அணிக்கும் முதல் சுற்று ஆட்டம். அந்த இரண்டு நாட்டுக்காரனும் எங்கள் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஆனாலும் பாதித் தெரு மஞ்சள், பாதித் தெரு நீலம். முக்கில் பெரிய திரை கட்டியிருந்தார்கள். கடைசியில் நடுவர் ஒரு பெனால்டி கொடுத்தார், இங்கே நாற்காலி பறந்தது.

ஷட்டர்காரரும் தொண்டை கிழியக் கத்துகிற மஞ்சள் கட்சிதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் நாற்காலி பறந்ததும் அவருக்கு ஆட்டம் மறந்துபோய்க் கண்ணாடிக் கடைதான் கண்ணில் பட்டது. கடைக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் திரை முன்னால் அடித்துக்கொண்டிருக்க, இவர் கம்பியை எடுத்துக்கொண்டு கடை கடையாக ஓடி ஷட்டரை இறக்கினார். செல்போன் கடை அவர் மனைவியின் தம்பியுடையது. அவன் நீலம். உள்ளே நின்றவனோடு சேர்த்தே இழுத்துப் பூட்டினார்.

"மாமா! என்னை உள்ள வச்சுப் பூட்டுறீங்க!"

"இந்தச் சட்டையோட வெளிய வந்தா உன் மூஞ்சி மூஞ்சியாவா இருக்கும்? கெட உள்ள!"

போலீஸ் கூப்பிட்டு விசாரித்து அனுப்பிவிட்டது. கடைக்காரர் சங்கம் விடவில்லை. தங்கள் ஷட்டரைக் கடைப் பையன்தான் இறக்கியிருப்பான் என்று அவரவர் நினைப்பு. சங்கத் தலைவர் பாத்திரக்கடைக்காரர்.

"தெருவுல எல்லாப் பூட்டும் உங்க கையில இருக்கு. டிவியில பார்த்துட்டு எல்லாரும் பயப்படுறாங்க. இறுதி ஆட்டம் முடியட்டும், வேற ஆளப் போடலாமான்னு பேசி முடிவு பண்றோம். அதுவரைக்கும் எந்தக் கடையிலயும் கை வைக்காதீங்க."

மச்சினன் போய் நடந்ததைச் சொன்னான். "நீ அப்படித்தான் சொல்லுவ, அக்கா வீட்டுக்காரராச்சே" என்று அனுப்பிவிட்டார்கள்.

வேறு பிழைப்பு தெரியாத மனுஷன். இதில் மஞ்சள் கட்சிப் பயல்கள் நல்லது செய்கிறேன் பேர்வழி என்று பேனர் அடித்து முக்கில் கட்டினார்கள். கம்பியை ஓங்கிய அதே படம். 'எங்கள் தளபதி' என்று எழுத்து. டிவிக்காரன் அதையும் வந்து படம் பிடித்துக்கொண்டு போனான்.

"கழட்டுங்கடா அதை!"

"அடக்கமா பேசாதீங்கண்ணே. ஒத்த ஆளா எத்தனை பேரை ஓட விட்டீங்க!"

"நான் ஷட்டரை இழுத்தேன்டா!"

"சரிண்ணே, வெளிய அப்படியே சொல்லுங்க" என்று கண்ணடித்தான் ஒருத்தன்.

அதற்குப் பிறகு மனுஷனுக்கு உட்கார்ந்தால் நிற்கணும், நின்றால் நடக்கணும். வீட்டுக் கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். பீரோவுக்கு விட்டார். தையல் மெஷினுக்கு விட்டார். "இன்னும் எண்ணெய் விடாதது என் தலைக்குத்தான்" என்றார் அவர் மனைவி.

இறுதி ஆட்டத்திலும் மஞ்சளும் நீலமுமே வந்து நின்றன. மனைவி கம்பியை எடுத்து பீரோவுக்குப் பின்னால் சொருகினார். "இன்னைக்கு வாசப்படி தாண்டினீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்."

டிவியை அணைத்துவிட்டுத் தெருவுக்குக் காது கொடுத்தபடி கிடந்தார். சத்தம் ஏறியது. ஒரு பாட்டில் உடைந்தது. கொஞ்ச நேரத்தில் மச்சினன் நீல ஜெர்சியோடு மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"மாமா, கம்பி எங்க? கண்ணாடிக் கடை ஷட்டர் பாதியில நிக்குது. உள்ள ஆளுங்க இருக்காங்க. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு. கல்லு விழுது."

"நின்னுபோனத இழுக்கக் கூடாது. ஒரு தட்டு மேல தள்ளிட்டு அப்புறம் இழுக்கணும். நகரு, நான் வர்றேன்."

"நீங்க தூக்கினா கேஸு. கேமரா முக்குலயே நிக்குது. குடுங்க, நான் தூக்குறேன்."

"உனக்கு மட்டும் மாலை போடுவானா?"

"எனக்கு முதல் தடவை மாமா. உங்களுக்கு ரெண்டாவது."

அக்காதான் பீரோவுக்குப் பின்னாலிருந்து கம்பியை உருவித் தம்பி கையில் கொடுத்தார். அவன் முன்னால் ஓட, வெறுங்கையோடு இவர் பின்னால் ஓடினார். "கொக்கியக் கீழ பிடிடா! எவன் கண்ணுலயாவது குத்திடாத!" கண்ணாடிக் கடை ஷட்டர் இறங்கியது. அதோடு விடாமல் வரிசையாகப் பக்கத்துக் கடைகளையும் இறக்கினார்கள். எந்த அணி ஜெயித்தது என்று இரண்டு பேருக்கும் மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் டிவியில் நீல ஜெர்சி போட்ட ஒரு ரௌடி கம்பியோடு ஓடினான். 'பழிக்குப் பழி. நீல ரௌடியைத் துரத்தும் மஞ்சள் ரௌடி' என்றார்கள். மாமனையும் மச்சினனையும் சேர்த்து ஒரே சிவப்பு வட்டம்.

பாத்திரக்கடையில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடிக் கடைக்காரர் எழுந்தே விட்டார். "அட, அந்தப் பச்சைக் கொக்கிதான் நேத்து எங்களக் காப்பாத்துச்சு! நான் உள்ளதானே இருந்தேன்!"

தலைவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "போன தடவை காட்டினதும் பச்சைக் கொக்கிதானே?"

சாயங்காலம் அவரே வீட்டுக்கு வந்து, "எங்க கடை ஷட்டர் ரொம்பக் கத்துது, நாளைக்கு வந்து கிரீஸ் போடுங்க" என்றார். அதற்குமேல் அந்த வாயிலிருந்து ஒன்றும் வராது.

காலையில் ஷட்டர்காரர் தெருவுக்கு வந்தபோது 'எங்கள் தளபதி'க்கு எதிரே 'எங்கள் சிங்கம்' தொங்கியது. நீலக் கட்சி மச்சினனுக்குக் கட்டிய பேனர். இவர் பாத்திரக்கடைக்குப் போகவில்லை. நேராக முக்குக்குப் போய், தன் பேனர் கயிற்றில் கொக்கியை மாட்டினார்.

"அண்ணே, அதுல உங்க படம்ணே!"

"அதனாலதான்டா."

ஒரே இழுப்பு. பிறகு எதிர்ப் பேனருக்கு நடந்தார். செல்போன் கடையிலிருந்து மச்சினன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே ஓடி வந்தான்.

"சீக்கிரம் மாமா, எவனாவது செல்லைத் தூக்கிப் படம் பிடிக்கப் போறான்!"