சூஜி கேக்கும் மருமகன் கையும்

என் மருமகனுக்கு வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் ஒரு தழும்பு இருக்கு. இப்போ எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான் போடுறானாம். அது ஓவன் சூட்டோட சூஜி கேக் பட்ட தழும்பு. கவிழ்த்தது நான்தான். அதைச் சொல்லணும்னா கேக் வியாபாரம் எப்படி ஆரம்பிச்சதுன்னு முதலில் சொல்லணும்.

கேக் சுடறது எனக்கு வெறும் ஆசைதான். சின்ன வயசில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சரம்மா வீட்டில் வேலை பார்த்தேன். கிறிஸ்துமஸ் வந்தா அவங்க சூஜி கேக் போடுவாங்க. ரவையை வெண்ணெயில் குழைச்சு ஊற வச்சு, மறுநாள் முட்டை மஞ்சக்கருவும் பாதாமும் சேர்த்து அடிக்கிறது. யாரும் சொல்லிக் கொடுக்கலை. பார்த்துக்கிட்டே நின்னேன், கைக்கு வந்துடுச்சு. கல்யாணமாகி கிள்ளானுக்கு வந்த பிறகு சொந்தமா ஒரு ஓவன் வாங்கினேன். தீபாவளிக்கு, கிறிஸ்துமஸுக்கு, பக்கத்து வீட்டுச் சீனம்மாவோட புதுவருஷத்துக்குன்னு சுட்டுச் சுட்டுக் கொடுப்பேன். யார்கிட்டயும் ஒரு காசு வாங்கினதில்லை.

என் சமையல்கட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கேக் உள்ளே இருக்கும்போது ஓவன் கதவைத் திறக்கக் கூடாது. வீட்டுக் கதவைக்கூடப் படார்னு சாத்தக் கூடாது, நடுவில் அமுங்கிப் போயிடும். என் வீட்டுக்காரர் இருந்த காலத்தில், அவ்வளவு பெரிய மனுஷன், செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டுத்தான் அந்தப் பக்கம் நடப்பார்.

எங்களுக்கு ஒரே மகள். ரவாங்கில் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை ஃபேக்டரியில் சூப்பர்வைசர், பார்க்க லட்சணமா இருப்பான். அவளோட அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஒருநாள் கொமுட்டர் ரயிலில் தனியா வந்து இறங்கினா. ஒரு கண்ணு மூடிக் கிடந்தது. பாத்ரூமில் வழுக்கிட்டேன்னா. வழுக்கி விழுந்தவ கழுத்தில் விரல் தடம் எப்படி வந்ததுன்னு நான் கேட்கலை.

அந்த வாரமே பேச வந்தாங்க. மருமகன், அவனோட அண்ணன், அவங்க ஊர்க் கோயில் தலைவர், மூணு பேரும் சோபாவில் உட்கார்ந்தாங்க. குடும்பம்னா நாலும் இருக்கும், பெரியவங்கதான் சமாதானம் பண்ணி வைக்கணும்னு தலைவர் சொன்னார். வீடு தேடி வந்தவங்களுக்கு மரியாதை செய்யணும் இல்லையா? காப்பி போட்டு, கேக் வெட்டி வச்சேன். மருமகன் தின்னுட்டு மறுபடியும் தட்டை நீட்டினான். "அத்தை கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்றான். விரலைத் துடைச்சுக்கிட்டு, என் மகளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ பையை எடுத்துக்கிட்டுப் பின்னாலேயே போனா. நான் தட்டுகளைக் கழுவி வச்சேன்.

அடுத்த தடவை முன்பல் இல்லாம வந்தா. அதே மூணு பேர், அதே சோபா. கேக்கும் அதே கேக்தான்.

அதுக்கும் பிறகு கையில் மாவுக்கட்டோட வந்தா. போனை அவ ஒளிச்சு வச்சுட்டாள்னு சொல்லி, அவ கையைக் கதவிடுக்கில் பிடிச்சு வச்சுக் கதவைச் சாத்தியிருக்கான். ஒரு தடவை இல்லை, எலும்பு முறியிற சத்தம் கேட்கிற வரைக்கும். ஆஸ்பத்திரியில் அப்பவும் வழுக்கிட்டேன்னுதான் சொல்லியிருக்கா. என்கிட்டதான் முதல்முதலா உள்ளதைச் சொன்னா. இனிமே அங்கே போகாதடின்னேன்.

"போகாம எதைத் திங்கிறதும்மா?" என்றாள். "வேலையை விட வச்சுட்டான். நீ இன்னும் எத்தனை வருஷம் இருப்ப?"

என்கிட்ட ஓவன் இருந்தது.

என் வியாபாரம் அப்படித்தான் ஆரம்பிச்சது. அவ காலுக்குக் கீழே ஒரு தரை வேணும், அவ்வளவுதான். சீனம்மாகிட்ட, இனிமே கேக் காசுக்குன்னு கூச்சப்படாம சொன்னேன். அவங்க என் மகளோட கட்டுப் போட்ட கையைப் பார்த்தாங்க, மறுபேச்சு இல்லாம வாங்கினாங்க, அவங்க வேலையிடத்திலும் சொல்லி விட்டாங்க. மகள் போனில் படம் போட்டா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், அதனால் ஆர்டரை எழுதாம போனில் பேசித்தான் அனுப்பணும்னு சொல்லிட்டேன். காலையில் முகம் தெரியாத பொம்பளைங்க குரலெல்லாம் என் சமையல்கட்டில் கேட்கும்.

மாவுக்கட்டு மேலே பிளாஸ்டிக் பையைச் சுத்திக்கிட்டு மத்த கையால ரவையை நிறுப்பா. கட்டைப் பிரிச்ச பிறகு அந்தக் கையாலேயே மாவைக் குழைச்சா. வலிக்குதான்னு கேட்டா, வலிச்சாத்தான் என் கைன்னு தெரியுதும்மா என்பாள். ஒரு அம்மா விலையைக் குறைக்கச் சொல்லி இழுத்தப்போ, "ஆன்டி, இது அசல் பட்டர் லா. மார்ஜரினில் வேணும்னா செஞ்சு தரேன், வீட்டு நாய்க்குப் போடுங்க" என்றாள். நான் தலையில் அடிச்சுக்கிட்டேன். அந்த அம்மா சிரிச்சுட்டு ரெண்டு கேக்கா வாங்கினாங்க.

அவனுக்குச் சேதி போயிடுச்சு. ஒரு சாயந்திரம் குடிச்சுட்டு வந்து கேட்டை உதைச்சான். கொண்டி தெறிச்சது. வாசலில் இறக்கி வச்சிருந்த முட்டைத் தட்டுகளை ஒவ்வொண்ணா எடுத்துச் சுவத்தில் அடிச்சான். கேக் பெட்டிகளை மிதிச்சான். வீட்டோட கொளுத்திடுவேன்னு தெருவே கேட்கக் கத்தினான். சீனம்மா நாயை அவிழ்த்து விட்ட பிறகுதான் காரை எடுத்தான். சுவத்தில் வழிஞ்ச முட்டையைத் துடைச்சுக்கிட்டே மகள் சொன்னா, நான் போயிடுறேம்மா, உன்னையும் கொன்னுடுவான். குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கின ஒரு மத்தியானம் அண்ணனும் தலைவரும் மறுபடி வந்தாங்க. மருமகன் காரிலேயே இருக்கான், திருந்திட்டான், வெட்கப்படுறான்னு சொன்னாங்க. உள்ளே பிரிக்ஃபீல்ட்ஸ் குடும்பம் ஒண்ணுக்குப் போட்ட கேக் ஓவனில் இருந்தது. மகள் எங்கேயும் போகலை, அங்கேதான் நின்னு சீனி சலிச்சுக்கிட்டிருந்தா. வாசனை வீடு முழுக்க. தலைவர் சமையல்கட்டுப் பக்கம் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"இது விக்கிற கேக் தலைவரே" என்றேன். "வேணும்னா ஆர்டர் போடுங்க."

அவர் முகம் சுருங்கினது. பதில் சொல்லறதுக்குள்ளே உள்ளே நாற்காலி விழுந்த சத்தம். அவன் பின்கதவு வழியா வந்திருக்கான். நான் ஓடினேன், அவங்களும் எனக்குப் பின்னால வந்தாங்க. மகளோட கூந்தலைக் கையில் சுத்திப் பிடிச்சு மேசையில் முகத்தை மோதினான். மறுபடியும் மோதினான். சல்லடையில் இருந்த சீனி மேலே ரத்தம் சொட்டிச் சொட்டி ஊறினது. "இந்தக் கைதானே சம்பாதிக்குது" என்று சொல்லிக்கிட்டு, மேசை மேலே இருந்த சப்பாத்திக் கட்டைக்கு வலது கையை நீட்டினான். அண்ணன் வாசற்படியில் நின்னான். தலைவரும் நின்னார். விடுடா, விடுடான்னு வாயால சொன்னாங்க.

நான் ஓவனைத் திறந்தேன்.

கேக் பாதிதான் வெந்திருந்தது. ஓரம் பிடிச்சு, நடு இன்னும் தளதளன்னு கொதிச்சுக்கிட்டிருந்தது. துண்டை மடிச்சுக் கேக் தகரத்தைப் பிடிச்சு, அப்படியே அவன் நீட்டின கை மேலே கவிழ்த்தேன். வெண்ணெயும் ரவையும் ஒட்டிக்கிச்சு. உதறினான், போகலை. மத்த கையால வழிச்சான், தோலும் சேர்ந்து வந்தது. அப்படி ஒரு கத்தலை நான் எந்த ஆம்பளை வாயிலிருந்தும் கேட்டதில்லை. என் உள்ளங்கையும் வெந்து போச்சு, அது பிறகுதான் தெரிஞ்சது. காலித் தகரத்தை நான் கீழே வைக்கலை. இன்னொரு அடி எடுத்து வச்சா மூஞ்சியில் அடிக்கிறதா இருந்தேன்.

தலைவர் சுவத்தோட ஒட்டி நின்னார். "கூட்டிக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க?" என்றேன். "கூட்டிக்கிட்டுப் போங்க."

போனாங்க.

போலீஸ் ஸ்டேஷனுக்கு மகள்தான் கிளம்பினா. நெத்தியில் துணியைக் கட்டிக்கிட்டு, கதவிடுக்கு, பல், கழுத்து எல்லாத்தையும் மலாயில் வரிசையா சொன்னா. வழுக்கிட்டேன்னு சொல்லலை. அந்தப் போலீஸ் பொண்ணு என் பக்கம் திரும்பி, மாக்சிக்னு மலாயில் பெரியம்மா முறை வச்சுக் கூப்பிட்டு, வேணும்னேதான் ஊத்தினீங்களான்னு கேட்டா. ஆமான்னேன். மகள் மேசைக்குக் கீழே என் காலை மிதிச்சா. மிதிச்சாலும் ஆமாதான். பிறகு அவன் பக்கத்தில் வரக் கூடாதுன்னு உத்தரவு வாங்கினோம். விவாகரத்து வழக்கு நடக்குது.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் பிரிக்ஃபீல்ட்ஸ் அம்மாவுக்கு மகளே போனில் பேசினா, கேக் தாமதமாகும்னு. ரத்தம் பட்ட சீனியைக் கொட்டிட்டு, மேசையைத் துடைச்சுட்டு, ரவையை நிறுக்க ஆரம்பிச்சா. படுத்துக்கோடின்னு சொன்னேன். ஆர்டர் இருக்கும்மான்னா.

போன மாசம் அவனோட அண்ணன் மறுபடி கேட்டுக்கு வந்தான். ஓவனில் கேக் இருந்தது. நான் கையைத் துடைச்சுக்கிட்டு எழுந்தேன், மகள் என்னை உட்காரச் சொல்லிட்டுப் போனா. கொண்டியை எடுக்காம உள்ளே நின்னபடியே பேசினா. என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேட்கலை. "கேக் வேணும்னா ரெண்டு நாளைக்கு முன்னாடி சொல்லணும்" என்று கடைசியில் சொன்னது மட்டும் கேட்டது. திரும்பி வந்து, பின்கதவையும் சத்தமில்லாம சாத்திட்டு, ஓவன் முன்னால உட்கார்ந்தா.