தகரப் பெட்டியில் என்ன இருந்தது

முதலில் முக்காலி இழுபடும் சத்தம் கேட்கும். இரும்பு முக்காலி, ஒரு காலில் ரப்பர் கழன்றுபோனது. சிமெண்டுத் தரையில் அது கிறீச்சிட்டுக்கொண்டு வார்டின் நடுவுக்கு வந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சுருண்டு கிடந்தவர்கள்கூடத் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துவிடுவோம். சிஸ்டர் அதில் அமர்ந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நேத்து எங்கம்மா விட்டேன்?" என்று கேட்பார். அவருக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்பார்.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. எழுபதுகளில் ஒரு மார்கழி. படாளத்தில் ஆரம்பப் பள்ளி வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எனக்கு இருமலில் ரத்தம் வந்துவிட்டது. அப்போதெல்லாம் இந்த நோய்க்கு மாதக்கணக்கில் படுக்க வேண்டும். தினமும் இடுப்பில் ஊசி, கை நிறைய மாத்திரை. இன்றைக்கு மாத்திரையை வாங்கிக்கொண்டு வேலைக்கே போகிறார்கள். அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் யாரும் அந்த நோயின் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அம்மா ஊரில், "டிரெயினிங் போயிருக்கா" என்று சொல்லி வைத்திருந்தாள்.

சிஸ்டர் அந்த வார்டின் தலைமை நர்ஸ். ஐம்பதை நெருங்கியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். உயரம், கறுப்பு, நடையில் ஒரு விறைப்பு. வெள்ளைச் சேலையில் கஞ்சி மொடமொடக்கும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தால் கண்டுபிடித்துத் திட்டுவார். அப்படிப்பட்டவர் டிசம்பர் பிறந்ததும் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதை சொல்ல உட்கார்ந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. காரணத்தை வார்டு ஆயா சொன்னாள்.

"போன வருசம் உன் பெட்ல ஒரு பொண்ணு கீந்துச்சி. நல்லாத்தான் தேறிகினு வந்துச்சி. பொங்கலுக்கு வூட்டுக்குப் பூட்டு வரேன்னு போச்சி. அப்பால கோடையில தூக்கிகினு வந்தாங்க. சிஸ்டரு எம்மாந்தான் பாத்துச்சி, உசுரு நிக்கல."

அந்த நோயில் அதுதான் பொறி. இரண்டு மாத ஊசியில் காய்ச்சல் விட்டுவிடும், பசி எடுக்கும், முகத்தில் களை வரும். குணமாகிவிட்டது என்று தோன்றும். பண்டிகையும் சேர்ந்து வந்தால் கட்டில்கள் காலியாகும். போனவர்களில் பலருக்கு நோய் திரும்ப வரும். சிஸ்டர் பயமுறுத்திப் பார்த்திருக்கிறார், கையெழுத்து வாங்கிப் பார்த்திருக்கிறார். எதுவும் பலிக்கவில்லை. அந்தப் பெண் இறந்த பிறகு வந்த முதல் கிறிஸ்துமஸுக்குத்தான் கதை சொல்ல ஆரம்பித்தார்.

அவர் சொன்ன கதை இது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. அடைமழை. மதுராந்தகம் ஏரி நிரம்பி ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது. பஸ் முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் நின்றுவிடுகிறது. உள்ளே ஆர்மோனியப் பெட்டியோடு பஜனைக்குப் போகிறவர்கள், புது மாப்பிள்ளை ஒருவன், கேக் டப்பாவை எறும்பிடமிருந்து காப்பாற்றிக்கொண்டே வரும் ஒரு பெரியவர். கடைசி சீட்டில் ஒருத்தி. அவள் மடியில் ஒரு தகரப் பெட்டி. அதை மேலே வைக்கவும் மாட்டாள், கீழே இறக்கவும் மாட்டாள். திறப்பதும் இல்லை.

எங்கள் வார்டு முழுக்க அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. நகை என்றாள் ஒருத்தி. செத்துப்போன குழந்தையின் சட்டை என்று சொல்லிவிட்டுத் தானே அழுதாள் இன்னொருத்தி. எல்லோரையும்விட அதிகம் தவித்தது என் பக்கத்துக் கட்டில் அக்கா.

அக்கா மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துக்காரி. கூடை சுமந்து ஊர் ஊராக மீன் விற்றவள். மூன்று பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். "இன்னா சிஸ்டரு, அந்தப் பொட்டில இன்னாதான் கீது? எங்கிட்ட மட்டும் காதுல சொல்லேன்" என்று ஊசி போடும்போதெல்லாம் கேட்பாள். "திரும்பிப் படும்மா" என்பதே பதிலாக இருக்கும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் புருஷன் வந்தான். வலை இழுத்துக் காய்ப்புக் காய்த்த கை, சாயம் போன சட்டை. கட்டிலருகே நின்று, "எங்கம்மாவுக்கு முடியல. புள்ளைங்க அய்துகினே கீதுங்க. ஒனக்குத்தான் நல்லா ஆயிடுச்சே, வந்துடு" என்றான். அக்கா உடனே எழுந்தாள். புடவை, டம்ளர், சீப்பு எல்லாவற்றையும் துண்டில் வைத்து முடிச்சுப் போட்டாள். அவளுடைய சிறியவனுக்கு அப்போது இரண்டு வயதுகூட ஆகவில்லை. அவளைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து முக்காலி கிறீச்சிட்டது. சிஸ்டர் மூட்டையைப் பார்த்தார், வாசலில் நின்ற புருஷனைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்துவிட்டார். அன்றைய பகுதியில் பஸ்ஸுக்குள் தண்ணீர் ஏறுகிறது. கண்டக்டர், "பெட்டியைக் குடும்மா, மேலே கட்டுறேன்" என்று கை நீட்டுகிறான். அவள் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். அவன் இழுக்கிறான். கொக்கி விடுபடுகிறது.

"மீதி நாளைக்கு" என்று எழுந்தார் சிஸ்டர்.

வார்டே, "ஐயோ சிஸ்டர்!" என்று கத்தியது. அதற்கு நடுவே வாசலிலிருந்து ஒரு ஆண் குரல்: "அப்பால இன்னா ஆச்சி?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அக்காவின் புருஷன் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். எங்கள் சிரிப்பில் அவன் முகம் சிறுத்துப்போயிற்று. அக்கா மூட்டையை மடியில் வைத்தபடி அவனையே பார்த்தாள்.

"யோவ், நீ போ. நான் அத இன்னான்னு தெரிஞ்சிகினு வரேன்."

அவன் தலையைச் சொறிந்தான். "சரி, நீ கேட்டு வையி. நான் ஞாயித்துக்கெயம வந்து கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, மாமல்லபுரம் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான்.

சிஸ்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மாத்திரை தர வந்தபோது கண் சிவந்திருந்தது. எங்களைத் திட்டுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

ஆனால் ஒரு சங்கடம் இருந்ததைக் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்தான் தெரிந்துகொண்டோம். கலர்க் காகிதத் தோரணங்களை ஆயா கட்டிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைக் கழற்றி, மறுபடியும் கட்டிக்கொண்டார். பிறகு, "உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது? அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு எனக்கே தெரியாதும்மா. தினம் காலையில ஜெபம் பண்ணிட்டு உட்கார்ந்து யோசிச்சுத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். இன்னைக்கு ஒண்ணும் வரலை" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அத்தனை விறைப்பான மனுஷி அப்படித் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எங்களுக்கு என்னவோ போலிருந்தது. அப்போதுதான் அக்கா பேசினாள்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டரு. அது காலிப் பொட்டி."

"காலியா?"

"ஆமா. எங்கியோ வேலைக்குப் போனவ. டப்பும் இல்ல, துணியும் இல்ல. பண்டிக நாளு, வெறுங்கைய வீசிகினு வந்தா தெருவுல கேக்க மாட்டாங்களா? புள்ளைங்க ஓடி வந்து கையப் பாக்குமே. அதான் பொட்டி. கெனமா தூக்கிகினு வர்ற மாரி வருவா." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "நான் செஞ்சிருக்கேன் சிஸ்டரு. மீனு விக்காத நாள்ல கூடைய மூடித்தான் எடுத்துகினு போவேன்" என்றாள்.

சிஸ்டர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கதையை எடுத்தார். கொக்கி விடுபட்டதும் மூடி திறந்துகொள்கிறது. எல்லோரும் பார்த்துவிடுகிறார்கள். அவள் முகத்தை முந்தானையால் மூடிக்கொள்கிறாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கண்டக்டர் மூடியைச் சாத்தி, பெட்டியை வாங்கி மேலே வைக்கிறான். பஜனைக்காரர்கள் பாட ஆரம்பிக்கிறார்கள். அழுதழுது அவள் தூங்கிப்போகிறாள். விடிந்ததும் தண்ணீர் வடிந்து பஸ் புறப்படுகிறது. அவள் ஊர் வருகிறது. பெட்டியை இறக்கும்போது கை கனக்கிறது. திரும்பிப் பார்க்கிறாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேக் டப்பாக்காரரின் மடி மட்டும் காலியாக இருக்கிறது.

அவ்வளவுதான் கதை. அன்றைக்கு நாங்கள் அழுத அழுகையில் யாருக்கும் இருமல்கூட வரவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பண்டிகை மலர்களில் எத்தனையோ கதைகள் படித்துவிட்டேன். அந்த வார்டில் கேட்டதைப் போல ஒன்றும் என்னை ஆட்டிவைத்ததில்லை.

கதை முடிந்துவிட்டதே, இனி அக்கா கிளம்பிவிடுவாளே என்று எனக்குள் பயம் இருந்தது. சிஸ்டருக்கும் இருந்திருக்க வேண்டும். பண்டிகை கழிந்த மறுநாள் ஊசி போட வந்தவர் மருந்தை ஏற்றிக்கொண்டே, "பொங்கலுக்குப் போறியாம்மா?" என்று பட்டும்படாமல் கேட்டார்.

சிஸ்டர் சொல்லாமலே அக்கா திரும்பிப் படுத்தாள். "போவல. வெறுங்கையா போவ மாட்டேன் சிஸ்டரு. ஒடம்ப எடுத்துகினுதான் போவேன்."

சொன்னபடியே இருந்தாள். வெயில் ஏறத் தொடங்கிய பிறகு, சளியில் கிருமி இல்லை என்று மூன்று முறை பார்த்து எழுதிக் கொடுத்த பின்னர்தான் வீட்டுக்குப் போனாள். நான் அவளுக்குச் சற்று முன்பே வந்துவிட்டேன்.

அடுத்த டிசம்பரில் பள்ளி அரைப் பரீட்சை விடுமுறையில் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். உள்ளே கதை நடந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு புதுக் கதை, தொலைந்துபோன ஒரு ஆட்டுக்குட்டியைப் பற்றி. நான் ஜன்னல் ஓரமாக வராந்தாவில் நின்றுவிட்டேன். கதவை ஒட்டிய கட்டிலில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். தலை வாரிப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பத் தயாராகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். சிஸ்டர் அவள் பக்கமே பார்க்காமல் சொல்லிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் ஒரு செருப்பை மெல்ல உதறினாள். பிறகு இன்னொன்றையும் உதறிவிட்டு, காலை மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.