அவர் ‘அங்கிட்டு’ என்றுதான் சொன்னார்

நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்ன பொய். அதனால் ஒரு மனிதரின் பேச்சுக்கு ஊரில் மதிப்பில்லாமல் போயிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஆலங்குடிக்கும் திருவரங்குளத்துக்கும் இடையிலுள்ள எங்கள் கிராமத்தில், எங்கள் வீட்டுக் கொட்டகையில் நடந்தது இது.

யுத்தகாலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அப்பா தன் காரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். பின் ஸீட்டில் கோழி அடைகாத்தது. பெட்ரோல் மறுபடி கிடைக்கும் என்றானதும், எப்படியோ பாடுபட்டு என்ஜினைக் கிளப்பிவிட்டோம். ஆனால் ஸ்டீரிங் திரும்பவில்லை. முன் சக்கரத்தைத் திருப்பும் ராடின் மூட்டு துருவேறி, வார்த்து வைத்ததுபோல் இறுகிக் கிடந்தது. நான் அப்போது திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். “மெக்கானிக் எதற்கு? நானே கழற்றிவிடுகிறேன்” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

காரைத் தூக்கி நிறுத்தக் கட்டைகள் வேண்டியிருந்தன. ஊரில் நல்ல கட்டைகள் ஒருவரிடம்தான் உண்டு. அவர் எங்கள் அம்மன் தேருக்கு முட்டுக்கட்டை போடுபவர். தேருக்கு ஏது ஸ்டீரிங்? உருளும் சக்கரத்தின் முன்னால் கட்டையைச் செருகித்தான் அதைத் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். அவருடைய அப்பாவும் அந்த வேலைதான் செய்தார். மற்ற நாட்களில் மாட்டுவண்டி ஓட்டுவார். எல்லோருக்கும் அவர் கட்டைக்காரர். தொண்டையும் பெரிது, வாயும் பெரிது.

கட்டைகளோடு வந்தவர் காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன தம்பி, எங்க தேராச்சும் வருசத்துக்கு ஒரு நாள் நகரும். ஒங்க வண்டி அதுக்கும் மேல இருக்கே!”

சிரித்தபடி மேல்துண்டை உதறிப் போட்டுவிட்டு, தானே காருக்கு அடியில் புகுந்தார். மூட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற விட்டோம். கொட்டாங்கச்சி நெருப்பில் சூடு காட்டினோம். நட்டைக் கழற்றியபின், மூட்டின் ஒரு பக்கம் ஒரு சுத்தியலை அண்டக்கொடுத்து மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடித்தார். லேசாக அசைந்தது. இனி நான் ஸீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை மெதுவாக ஆட்டிக் கொடுத்தால் பிரிந்துவிடும்.

“தம்பி, இங்கிட்டுன்னா கெணத்துப் பக்கம். அங்கிட்டுன்னா வைக்கப்போர்ப் பக்கம். நீங்க எங்க பாத்து ஒக்காந்திருந்தாலும் அது மாறாது. தேருலயும் எங்க கணக்கு அப்படித்தான்” என்றார். நான் சரி என்றேன்.

சற்று நேரத்தில் அடியிலிருந்து குரல் வந்தது. “அங்கிட்டு... மெதுவா, மெதுவா.”

எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் என் படிப்பு குறுக்கே வந்தது. அவர் எனக்கு எதிர்த்திசையில் படுத்திருக்கிறார், அப்படியானால் அவருடைய அங்கிட்டு எனக்கு இங்கிட்டு அல்லவா என்று மனம் ஒரு கணக்குப் போட்டது. அவர் முன்பே சொன்னது அந்த நொடியில் நினைவில் இல்லை. கிணற்றுப் பக்கமாக, அதுவும் முழு பலத்தோடு திருப்பினேன். வெடிபோல ஒரு சத்தத்துடன் மூட்டு விடுபட்டது. ராடு போய் அச்சில் மோதியது. நடுவில் அவருடைய வலது கை இருந்தது.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் அவர் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து, “எப்படி ஆச்சு?” என்று கேட்டார்.

“இவர் இங்கிட்டுன்னார். திருப்பினேன்” என்றேன்.

அந்த வலியிலும் கட்டைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். “அய்யா, நான் அங்கிட்டுன்னுதாங்க சொன்னேன். தம்பியக் கேளுங்க!”

“வலியில ஒனக்கு என்ன ஞாபகம் இருக்கும்? விடு, கை சரியாகட்டும்” என்றார் அப்பா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அந்தப் பொய் எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மன் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்கூட்டத்தில் யாரோ, “கை முடியாட்டியும் பரவாயில்ல, அவரு முன்னால நின்னு சொல்லட்டும், வேற ஆளு கட்டை போடட்டும்” என்றிருக்கிறார்கள். அதற்கு இன்னொருவர், “இங்கிட்டு எது, அங்கிட்டு எதுன்னு தெரியாத ஆளு வாக்க நம்பித் தேர விடுறதா?” என்றாராம். கூட்டமே சிரித்ததாம். ஊர்த் தலைவரான அம்பலம், கட்டை போடும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். கட்டைக்காரர் கடைத்தெருவில் நடந்தால், “அண்ணே, வீடு இங்கிட்டா, அங்கிட்டா?” என்று கேலி செய்தார்கள். பெரிய வாய்க்காரர் வாயே திறக்காமல் போனார்.

ஒருநாள் அவர் மனைவி எங்கள் கொல்லைப்பக்கம் வந்து என்னைக் கூப்பிட்டார். “தம்பி, ரெண்டு வெரலு மடங்காதுன்னுட்டாக. அது போனாப் போகட்டும். ஆனா எங்க வீட்டு மனுசன் சோறு திங்காம, ‘நான் அங்கிட்டுன்னுதானே சொன்னேன்’னு என்னையவே கேக்குது. நெசமா அது என்னதான் சொல்லுச்சு? எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”

எனக்கு நினைவில்லை என்றேன். இரண்டாவது பொய்.

திருவிழா அன்று காலையில் தேர் கிளம்பியது. ஊருணி ஓரமாகத் திரும்ப வேண்டிய இடத்தில் புதிய ஆள் கட்டையைத் தாமதமாகச் செருகினார். தேர் திரும்பாமல் ஊருணிக் கரையை நோக்கி இறங்கியது. பெண்கள் அலறினார்கள். வடத்தை எல்லோரும் விட்டுவிட, கரை மண்ணில் சக்கரம் புதைந்து, அத்தனை பெரிய தேர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. உச்சிக் கலசம் ஆடுவதை அண்ணாந்து பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அம்பலத்தின் முன்னால் போய் நின்றேன். பக்கத்தில் அப்பாவும் இருந்தார்.

“அவர் அங்கிட்டுன்னுதான் சொன்னார். நான்தான் மாற்றித் திருப்பினேன். பொய் சொன்னதும் நான்தான்” என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்.

அப்பா தலை குனிந்துகொண்டார். அம்பலம் என்னை மேலும் கீழும் பார்த்தார். “இதச் சொல்றதுக்குத் தேரு சாயணுமாப்பா?” என்றார். பிறகு, “கட்டைக்காரரக் கூப்பிடுங்க” என்றார்.

கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்த கட்டைக்காரர் வந்தார். சக்கரத்தைக் குனிந்து பார்த்தார், மண்ணை மிதித்துப் பார்த்தார். புதிய ஆளை ஊருணிப் பக்கச் சக்கரத்தில் நிறுத்தினார். கோயில் பக்கச் சக்கரத்துக்கு ஆள் வேண்டும். பலர் முன்வந்தார்கள். அவர் கட்டுப் போட்ட கையை என் பக்கம் நீட்டினார்.

“தம்பி போடட்டும்.”

“அது படிச்ச புள்ள, அதுக்கு என்ன தெரியும்?” என்றார் ஒருவர்.

“அதான் சொல்றேன். தம்பி, இங்கிட்டுன்னா கோயில் பக்கம், நீங்க செருகணும். அங்கிட்டுன்னா ஊருணிப் பக்கம், நீங்க உருவிட்டு ஒதுங்கணும். யோசிக்காதீங்க. காதுல விழுந்ததச் செய்ங்க.”

கட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தபோதுதான் எனக்கு உறைத்தது. இப்போது என் கை சக்கரத்துக்கு முன்னால் இருக்கிறது. அவர் வாய் இருக்கிறது மேலே. ஒரு வார்த்தையை அவர் மாற்றிச் சொன்னால் போதும்.

வடம் இறுகியது. புதைந்த சக்கரம் மண்ணை விட்டு ஏற, தேர் முனகியது. “இங்கிட்டு!” என்றார். செருகினேன். ஆள் உயரச் சக்கரம் கட்டையில் ஏறி அரைத்தது. என் கண்ணெதிரே தேர் தன் முகத்தை மெல்லக் கோயில் பக்கம் திருப்பியது. ஒரு மலை ஒரு மனிதரின் சொல் கேட்டுத் திரும்பியதைப் பார்த்தேன். “அங்கிட்டு!” உருவி ஒதுங்கினேன். “இங்கிட்டு!” மறுபடி செருகினேன். நிலைக்கு வந்து சேரும்வரை அந்தக் குரலில் கோபமும் இல்லை, தயவும் இல்லை. தேருக்கு எது தேவையோ அது மட்டும் இருந்தது.

தேர் நின்றதும் அவர் காலில் விழப் போனேன். அவர் நகர்ந்துகொண்டார். “அங்கிட்டுப் போங்க தம்பி, அம்மாளக் கும்பிடுங்க” என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் இருந்தவரை, வேலைக்கு வெளியூர் போனபின்னும் திருவிழாவுக்கு ஊர் வந்து, அவர் குரலுக்குக் கட்டை போடுவதை நான் நிறுத்தவில்லை. அவர் ஒருமுறைகூட என்னை மன்னித்ததாகச் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போதும் யாராவது பேச்சுவாக்கில் ‘அங்கிட்டு’ என்றால் என் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிறேன். பத்தும் மடங்குகின்றன, அவர் நினைத்திருந்தால் மடங்காமல் போயிருக்கும்.